நால்வர் நிற்கும் அடுப்படி: ‘ஓவர்குக்ட்’ ஆடும் முறை

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் ஆட்டங்களுள் கைவேகத்தைச் சோதிப்பவை பல; புத்தியைச் சோதிப்பவை சில. இவ்விரண்டையும் ஒருங்கே சோதிப்பதோடு நில்லாமல், ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு இணக்கமாக வேலை செய்யக்கூடியவர்கள் என்பதையும் சில நிமிஷங்களுக்குள் வெளிப்படுத்திவிடும் ஆட்டம் ‘ஓவர்குக்ட்’ என்னும் சமையல் ஆட்டம். பார்ப்பதற்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். பெரிய தலையும் சிறிய கைகளும் கொண்ட சமையற்காரப் பொம்மைகள் திரையில் ஓடித் திரிகின்றன, வெங்காயம் நறுக்கப்படுகிறது, சட்டி கொதிக்கிறது, தட்டு பரிமாறப்படுகிறது. ஆயினும் கன்ட்ரோலரைக் கையிலெடுத்த சிறிது நேரத்திற்குள், இது ஓயாமல் உருமாறிக்கொண்டேயிருக்கும் ஒரு புதிர் என்பதும், அதனைத் தனியொருவர் சாமர்த்தியத்தால் அவிழ்க்க இயலாது என்பதும் விளங்கிவிடும்.

பள்ளி விடுமுறைக்கு அம்மாயி வீட்டிற்கு வந்து சேரும் பிள்ளைகளும், அவர்களோடு பொழுதைக் கழிக்க விரும்பும் பெரியவர்களும் ஒருங்கே அமர்ந்து ஆடத்தக்க ஆட்டம் எது என்று ஆத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கேட்பவர்களுக்கு, நான் தயக்கமின்றிச் சொல்லும் விடை இதுவே. இந்த ஆட்டத்தில் வெற்றி தருவது விரல்களின் வேகமன்று. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறையும், வேளையறிந்து வாய்விட்டுச் சொல்லும் பழக்கமுமே ஆகும். இந்த உண்மையை நன்றாக மனத்திற் கொண்டால், பின்வரும் குறிப்புகள் யாவும் எளிதில் கைவரும்.

ஆட்டத்தின் வரலாறும் இயல்பும்

இங்கிலாந்து நாட்டில், கேம்பிரிட்ஜ் நகரில், ஃபில் டங்கன், ஓலி டி-வைன் என்னும் இரு நண்பர்கள் ‘கோஸ்ட் டவுன் கேம்ஸ்’ என்ற பெயரில் நடத்திய மிகச் சிறிய நிறுவனம் ஓவர்குக்டை உருவாக்கியது. ‘டீம்17’ என்னும் வெளியீட்டாளர் வழியாக 2016 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கு அது வெளிவந்தது. மறுவருஷம் நிண்டெண்டோ ஸ்விட்சிற்கும் வந்து சேர்ந்தது. 2017-இல் பிரிட்டிஷ் அகாடமி வழங்கும் பாஃப்டா விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் ஆட்டம், சிறந்த குடும்ப ஆட்டம் என்ற இரண்டு விருதுகளையும் அதுவே பெற்றது. இரண்டாம் பாகம் 2018 ஆகஸ்டில் வந்தது. இவ்விரண்டையும் அவற்றின் பிற்சேர்க்கைகளையும் ஒன்றாகத் தொகுத்த ‘ஆல் யூ கேன் ஈட்’ என்னும் பதிப்பு 2020-இன் இறுதியில் பிளேஸ்டேஷன் 5 முதலிய புதிய சாதனங்களுக்கும், 2021 மார்ச்சில் பழைய சாதனங்களுக்கும் வெளியிடப்பட்டது.

பரபரப்பு மிகுந்த புதிர் ஆட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய டெட்ரிஸையும், நிண்டெண்டோ 1990-இல் வெளியிட்ட டாக்டர் மாரியோவையும், கேசட் செருகி ஆடிய பழைய ‘டிவி கேம்’ காலத்துப் பிள்ளைகளில் பலர் அறிவார்கள். ஆனால் அவ்வகை ஆட்டங்களை இருவர் ஆடும்போது, ஒருவருடைய லாபம் மற்றவருடைய நஷ்டமாகவே முடியும்; டாக்டர் மாரியோவில் நான் ஒரே சமயத்தில் இரண்டு வரிசைகளைக் கரைத்தால், வேண்டாத துண்டுகள் என் எதிரியின் குப்பியில் போய் விழும். ஓவர்குக்டிலோ நமக்கு எதிரியாக நிற்பது கடிகாரம் ஒன்றே. இருவரோ மூவரோ நால்வரோ, எல்லோரும் ஒரே அணி; வந்தால் எல்லோருக்கும் நட்சத்திரம், வராவிட்டால் ஒருவருக்கும் இல்லை. அணிபிரிந்து போட்டியிடும் முறையும் இதில் உண்டென்றாலும், குடும்பத்திற்கு உகந்தது கூடி ஆடும் முறையே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வேண்டிய சாதனங்கள்

புதிதாக வாங்குவோர் ‘ஆல் யூ கேன் ஈட்’ பதிப்பையே வாங்குதல் நலம். இரண்டு பாகங்களும் சேர்ந்து 200-க்கும் மேற்பட்ட கட்டங்கள் அதில் இருக்கின்றன என்பது ஒரு காரணம். முதியோருக்கும் சிறுவருக்கும் ஆட்டத்தை இலகுவாக்கும் உதவி முறை அதில் அமைந்திருக்கிறது என்பது அதனினும் முக்கியமான காரணம். ஏற்கெனவே பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் இதற்காகப் புதிய சாதனம் வாங்கவேண்டிய அவசியமில்லை. இந்த ஆட்டம் அதிலேயே நன்றாக ஓடும்.

கன்ட்ரோலர்கள் விலை கூடியவை. நான்கையும் முதலிலேயே வாங்கவேண்டுமென்று எண்ணி மலைக்க வேண்டாம். ஒரே கன்ட்ரோலரை இருவர் பகிர்ந்துகொண்டு, இடப்பக்கத்தை ஒருவரும் வலப்பக்கத்தை ஒருவருமாக இயக்கும் வசதி இந்த ஆட்டத்தில் உண்டு. ஆகவே இரண்டு கன்ட்ரோலர்களைக் கொண்டே நால்வர் ஆடலாம். கைகள் நெருங்கியிருப்பது முதலில் சிரமமாகத் தோன்றினாலும், உடன்பிறந்த சிறுவர்கள் சீக்கிரத்தில் பழகிக்கொள்வார்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள், அதன் இரண்டு பக்கங்களிலும் உள்ள சிறிய கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம்.

தொலைக்காட்சியின் அமைப்புகளில் ‘கேம் மோடு’ என்பதொன்று இருந்தால், ஆட்டம் தொடங்குமுன் அதனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் பொம்மை அசைவதற்கும் இடையேயுள்ள தாமதம் அதனால் குறையும். திரையின் மேற்பகுதியில் வரும் ஆர்டர்களின் படங்கள் சிறியவையாதலால், எல்லோரும் அவற்றைத் தெளிவாகக் காணும் தூரத்தில் அமர்வது அவசியம். ஒரே அறையில் கூடி ஆடுவதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. வெளியூரில் இருக்கும் உறவினரோடு ஆடுவதற்கு மட்டுமே அது வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளில் மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தோட்டத்தில் மோட்டார் ஓடும் நேரங்களில் வோல்டேஜ் ஏறி இறங்குவது காட்டுக்கொட்டாய்களில் வழக்கமான விஷயம். ஆகையால் டிவியையும் கன்சோலையும் யு.பி.எஸ். ஒன்றின் வழியாக இணைப்பது ஜாக்கிரதையான காரியம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே அறிந்துகொண்டு, அன்று ஆட்டத்தை மாலைக்கு ஒத்திவையுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் ஆட்டம் தானாகவே பதிவாகிவிடுமாதலால், இடையில் மின்சாரம் போய்விட்டாலும், பெரும்பாலும் அந்த ஒரு கட்டத்தின் உழைப்பு மாத்திரமே வீணாகும். சித்திரை வெயிலில் கன்சோலை மூடிய அலமாரிக்குள் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

அடிப்படை விதிகள்

கற்கவேண்டிய பொத்தான்கள் மூன்றே. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில், எக்ஸ் குறியுள்ள பொத்தான் பொருளை எடுக்கவும் வைக்கவும் உதவும். சதுரம் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் உதவும். வட்டம் பொம்மையைச் சட்டென்று பாய்ந்தோடச் செய்யும். இரண்டாம் பாகத்தில் பொருளைத் தூக்கி எறியும் வசதியும் சேர்ந்திருக்கிறது. அதற்கும் சதுரமே பொத்தான். வீட்டிலுள்ள முதியவருக்கு முதல் இரண்டு பொத்தான்களை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். ஓட்டமும் எறிதலும் பிறகு தாமாகவே வரும்.

முதற்பாகத்தின் தொடக்கத்தில் வரும் வெங்காய சூப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு சூப்பிற்கு மூன்று வெங்காயங்கள் வேண்டும். பெட்டியிலிருந்து வெங்காயத்தை எடுத்து, பலகையில் வைத்து, நறுக்கி, அடுப்பிலிருக்கும் சட்டியில் இடவேண்டும். மூன்றும் சேர்ந்து வெந்தபின் தட்டில் ஊற்றி, பரிமாறும் சாளரத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும். ஒவ்வோர் ஆர்டரின் படத்தோடும் ஒரு காலக்கோடு இருக்கும்; அது தேய்ந்து முடிவதற்குள் பரிமாறினால் காசு கிடைக்கும்; தவறினால் சேர்த்த காசு குறையும். சம்பாதித்த காசிற்கு ஏற்ப ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரங்கள் தரப்படுகின்றன. அடுத்தடுத்த கட்டங்களைத் திறப்பதற்கு அந்த நட்சத்திரங்களே சாவி.

விதிகளுக்குள் மறைந்து கிடக்கும் சில நுட்பங்களை ஆரம்பத்திலேயே அறிந்துகொள்வது மிகுந்த பிரயோஜனம் தரும். ஒருவர் பாதி நறுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போனாலும் அவர் செய்த வேலை அழிந்துபோவதில்லை; மற்றொருவர் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று வெங்காயங்களும் சேரும்வரை சட்டியைச் சும்மா வைத்திருக்கவேண்டியதில்லை. முதல் வெங்காயம் விழுந்தவுடனேயே வேகத் தொடங்கிவிடும். அடுத்தது விழும்போது வேகவேண்டிய காலம் அதற்குத் தக்கபடி நீளும். இரண்டாம் பாகத்தில் ஆர்டர்களை இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே பரிமாறினால், கிடைக்கும் இனாம் நான்கு மடங்கு வரை பெருகும். வரிசை தவறினால் அந்தப் பெருக்கம் மீண்டும் அடியிலிருந்து தொடங்கும். ஆகவே, இரண்டாம் பாகத்தில் நட்சத்திரம் வேண்டுவோர், செய்வதற்கு எளிதான பதார்த்தத்தை முதலில் பரிமாறிவிடலாம் என்னும் ஆசையை அடக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

வேலைப் பங்கீடு

ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலையொன்றினுள் சென்று பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் சூட்சுமம் பாதி விளங்கிவிடும். வண்டியில் வந்து இறங்கும் குச்சிக்கிழங்கைக் கழுவித் தோல் நீக்குவோர் ஒரு பக்கம். அரைத்த கூழிலிருந்து பாலை வடிப்போர் ஒரு பக்கம். தொட்டியில் தெளிந்து படிந்த மாவை எடுத்துக் குருணையாக்குவோர், வறுப்போர், களத்தில் காயவைப்போர் என்று வேலை வரிசையாக நகர்ந்துகொண்டேயிருக்கும். அரைக்கும் இயந்திரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், தோல் உரிக்கும் இடத்தில் தாமதமானால் ஆலை முழுவதும் அந்தத் தாமதத்தின் அளவிற்கே ஓடும். அவ்விடத்திற்கு இன்னும் இருவரை அனுப்புகிற மேஸ்திரியே ஆலையை வேகப்படுத்துகிறார். ஓவர்குக்டிலும் நியமம் இதுதான். எங்கே வேலை தேங்குகிறது என்று கண்டுபிடித்து, கை ஓய்ந்திருப்பவர் அங்கே செல்லவேண்டும்.

வெங்காய சூப்பிலேயே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு சூப்பிற்குப் பன்னிரண்டு வெங்காயங்களை நறுக்கவேண்டும். ஆனால் தட்டில் ஊற்றவேண்டியதும், சாளரத்திற்குக் கொண்டுபோகவேண்டியதும் நான்கே முறை. ஆகவே ஆட்டத்தின் தொடக்கத்தில் நறுக்கும் பலகையே தேங்குமிடம். நால்வர் ஆடும்போது இருவர் நறுக்கத் தொடங்குங்கள். மூன்றாமவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். நான்காமவர் தட்டுகளை அடுப்பிற்கு அருகே கொண்டுவந்து அடுக்கி வைத்துவிட்டு, ஆர்டர்களை வாய்விட்டு வாசிக்கட்டும். சில தட்டுகள் பரிமாறப்பட்ட பிறகு நிலைமை மாறிவிடும். தட்டுகளின் எண்ணிக்கை குறைவு. ஆரம்பக் கட்டங்களைத் தாண்டியபின் அவை அழுக்காகவே திரும்பி வரும். கழுவினால்தான் அடுத்த சூப்பை ஊற்றமுடியும். அப்போது தேங்குமிடம் கழுவு தொட்டி. நறுக்கிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் தாமாகவே அங்கே நகர்ந்துவிடவேண்டும். இந்த நகர்வைச் சரியான சமயத்தில் செய்யும் குடும்பம், ஒவ்வொருவருக்கும் விரல்வேகம் குறைவாயிருந்தாலும் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றுவிடும்.

மூவர் ஆடினால், ஒருவர் நறுக்குவதும், ஒருவர் அடுப்பைக் கவனிப்பதும், ஒருவர் தட்டும் பரிமாறலும் பார்ப்பதுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் ஆடினால், சமையலறையை நடுவே கோடிட்டதாகப் பாவித்து, பொருள் எடுப்பதும் நறுக்குவதும் ஒருவருக்கு, அடுப்பும் தட்டும் மற்றவருக்கு என்று வைத்துக்கொள்வது சிறந்தது. ஒருவர் பாதையில் மற்றவர் குறுக்கிட்டு முட்டிக்கொள்வதால் வீணாகும் நேரம் அதனால் மிச்சமாகும். தனியாக ஆடுவோருக்கு இரண்டு பொம்மைகள் தரப்படும்; ஒன்றிலிருந்து ஒன்றிற்கு மாறி மாறி இயக்கவேண்டும். ஒரு பொம்மையை நறுக்க வைத்துவிட்டு மற்றொன்றிற்கு மாறினால், முதலாவது தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டேயிருக்கும். இதனைப் பயன்படுத்திக்கொள்வதே தனியாட்டத்தின் யுக்தி.

இரண்டு நறுக்குபவர்களும் ஒரே பெட்டிக்கு ஓடுவது, அடுப்படியில் நிற்பவர் தாமே தட்டெடுக்கப் போய்விடுவது, பரிமாறுபவர் வேகாத சட்டியின் முன் காத்து நிற்பது ஆகிய மூன்றும் புதியவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் குறைகள். இவை மூன்றிற்கும் பரிகாரம் ஒன்றே: கட்டம் தொடங்குமுன் அவரவர் ஸ்தானத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சொல்லும் முறை

இந்த ஆட்டத்தில் மௌனம் பெரிய பகை. அதற்காக எல்லோரும் ஒரே சமயத்தில் கூச்சலிடுவதும் உதவாது. சொல்லத்தக்கவை இரண்டே வகை: தயாராக இருப்பதைச் சொல்வது ஒன்று, தேவைப்படுவதைச் சொல்வது மற்றொன்று. “வெங்காயம் ரெடி”, “சட்டி வெந்துருச்சு”, “தட்டு வேணும்”, “நான் கழுவறேன்” என்று இரண்டு மூன்று சொற்களில் முடிவதாக இருக்கட்டும். “யாராவது அதை எடுங்க” என்னும் வாக்கியத்தை அறவே விலக்குங்கள். ‘யாராவது’ என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள், அல்லது மூவரும் ஒரே இடத்திற்கு ஓடுவார்கள். “அம்மாயி, தட்டு கொண்டாங்க”, “கண்ணு, நீ நறுக்கு” என்று முறைசொல்லி அழைத்தால், கேட்பவர் உடனே செயற்படுவார்; அழைப்பில் அன்பும் இருக்கும், மரியாதையும் இருக்கும்.

ஆர்டர்களை வாசிப்பதை ஒருவரே செய்யவேண்டும். நால்வரும் திரையின் மேற்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பைப் பார்ப்பார் இல்லை. வாசிப்பவர், இப்போது பரிமாறவேண்டியதையும் அதற்கு அடுத்ததையும் மட்டும் சொன்னால் போதும். ஐந்து ஆர்டர்களையும் அடுக்கினால் கேட்பவர் மனம் கலங்கும்.

நெருப்பும் பிற விபத்துகளும்

வெந்த சட்டியைக் கவனியாமல் அடுப்பிலேயே விட்டுவிட்டால், முதலில் எச்சரிக்கைக் குறி மினுங்கும், பிறகு பதார்த்தம் கருகும், உடனே தீப்பற்றும். தீ பக்கத்து மேடைகளுக்கும் பரவிக்கொண்டே போகும். தீயணைப்பானை எடுத்து அணைப்பதும், கருகியதைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதுமாகப் பொன்னான நேரம் கழிந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு சமையலறையிலும் தீயணைப்பான் எங்கே இருக்கிறதென்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தீயை அணைக்கும் பொறுப்பு அடுப்பிற்கு மிக அருகில் நிற்பவருடையது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூரில் நான் அறிந்த ஓர் இல்லத்தில், விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு அம்மாயி ஒருவர் அமர்ந்திருந்தார். தட்டுகள் யாவும் அழுக்காகிக் கிடந்தன. சட்டியின் மேல் எச்சரிக்கைக் குறி மினுங்கியது. பிள்ளைகள் இருவரும் தட்டுக் கழுவ ஓடினார்கள். அவர்கள் திரும்புவதற்குள் தீப்பற்றிவிட்டது. அடுத்த ஆட்டத்திலும் இதுவே நடக்க இருந்தபோது அந்த அம்மாள், “தட்டு இல்லாட்டி என்ன கண்ணு, சட்டிய இறக்கி வெச்சுட்டுப் போ” என்றார். பிள்ளை அவ்வாறே சட்டியைப் பக்கத்து மேடையில் இறக்கி வைத்தான். எச்சரிக்கைக் குறி மறைந்தது. சட்டி கருகாமல் காத்திருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி இந்த ஆட்டத்தில் மேலும் வேகாது, கருகவும் கருகாது. அந்த நுட்பத்தைப் பிள்ளைகள் விரல்வேகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். பல்லாண்டு அடுப்படியில் நின்ற அனுபவம் ஒரு வார்த்தையில் அதனைச் சொல்லிவிட்டது. முதியோரை இந்த ஆட்டத்திற்கு அழைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறில்லை.

தண்ணீரிலோ பள்ளத்திலோ பொம்மை தவறி விழுந்துவிட்டால், சில விநாடிகள் கழித்துத் தானாகவே மீண்டு வரும். கையிலிருந்த பொருள்தான் நஷ்டம். ஆகவே விளிம்புகளில் நடக்கும்போது பாய்ந்தோடும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

சமையலறைகளின் வகைகள்

முதல் சில சமையலறைகளில் பழகிய ஒழுங்கைக் கலைப்பதற்கென்றே பின்வரும் சமையலறைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கப்பலில் அமைந்த சமையலறையில், கப்பல் சாயச் சாய மேடைகள் இடம்விட்டு இடம் நகரும். இரண்டு லாரிகளின் மேல் அமைந்ததில், லாரிகள் நெருங்கும்போது மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் போகமுடியும். பனிப்பாறைகளின் மேல் கால் வழுக்கும். எலிகள் வந்து உணவைத் தூக்கிச் செல்லும் சமையலறையும் உண்டு. இரண்டாம் பாகத்தில், வானில் மிதக்கும் பலூன் சமையலறை ஒன்று ஆட்டத்தின் நடுவிலேயே கீழே விழுந்து, செய்யவேண்டிய பதார்த்தங்களும் மாறிப்போகும்.

இவற்றுள் எதுவாயினும், நகர்வது எது, நகராமல் இருப்பது எது என்று முதலில் பிரித்தறிந்துகொள்வதே வழி. லாரிச் சமையலறையில் இருவர் ஒரு லாரியிலும் இருவர் மற்றதிலும் நிலையாக நின்றுகொண்டு, லாரிகள் நெருங்கும் சமயங்களில் பொருளை மட்டும் கைமாற்றிக்கொண்டால், ஆள் தாண்டவேண்டிய அவசியமே பெரும்பாலும் நேராது. கப்பலில், மேடைகள் நகர்வதற்குள் நறுக்கிய பொருளை அடுப்புப் பக்கம் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் பாகத்தில் எறியும் வசதி இருப்பதால், பிரிந்து நிற்கும் பகுதிகளுக்கிடையே காய்களை எறிந்து அனுப்பலாம்; குறிபார்த்து எறிந்தால் நறுக்கிய காய் நேரே சட்டிக்குள்ளும் விழும். தட்டையும் வெந்த உணவையும் எறியமுடியாது என்பதை நினைவிற் கொள்க.

ஒரு கட்டத்தில் முதல் முயற்சியை நட்சத்திரத்திற்காக ஆடாதீர்கள். அந்தச் சமையலறையின் போக்கை அறிவதற்காகவே அதனைச் செலவிடுங்கள். தேங்குமிடம் எது என்று எல்லோரும் கலந்து பேசுங்கள். இரண்டாம் முயற்சியில் அதற்கேற்ற பங்கீட்டோடு இறங்குங்கள்.

முதியோரும் சிறுவரும்

‘ஆல் யூ கேன் ஈட்’ பதிப்பில் உதவி முறையை இயக்கினால் ஒவ்வொரு கட்டத்திற்கும் அதிக நேரம் கிடைக்கும். ஆர்டர்கள் மெதுவாகவே தேயும். மிகக் கடினமான கட்டத்தைத் தாண்டிச் செல்லவும் வழியுண்டு. நிறக்குருடு உள்ளவர்களுக்கும், எழுத்துகளைப் பெரிதாகக் காண விரும்புவோர்க்கும் தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. இவற்றைப் பயன்படுத்துவது கௌரவக் குறைவென்று பிள்ளைகள் கருதக்கூடும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பங்குபெறுவதே ஆட்டத்தின் நோக்கமென்று அவர்களுக்கு எடுத்துச்சொல்லுங்கள்.

பரபரப்பு மிகுந்த ஆட்டமாதலால் வார்த்தைகள் தடிப்பதற்கும் இதில் இடமுண்டு. ஒரு கட்டம் முடிந்தபின், “நீ ஏன் தட்டைக் கழுவவில்லை?” என்று கேட்பதற்குப் பதிலாக, “தட்டு தேங்கிவிட்டது, அடுத்த முறை அங்கே யார் போவது?” என்று கேளுங்கள். முதற்கேள்வி மனஸ்தாபத்தை வளர்க்கும், இரண்டாவது நட்சத்திரத்தை வளர்க்கும். ஒரே கட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால், பிடிவாதமாகத் தொடராமல் எழுந்து விடுங்கள். களைத்த கண்களும் சலித்த மனமும் எந்தப் புதிரையும் அவிழ்ப்பதில்லை.

இளைப்பாறுவதற்கு ஒரு தமிழ் அடுப்படி

பரபரப்பிற்குப் பிறகு நிதானமான சமையல் புதிரொன்றை நாடுவோருக்கு ‘வெண்பா’ என்னும் ஆட்டத்தைச் சொல்வேன். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ நிறுவனம் ஆக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ஆட்டம் இது. 1980-களில் கனடாவிற்குக் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, அவளுடைய கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதையை அது சொல்கிறது. கிழிந்தும் கறைபட்டும் போன ஒரு பழைய சமையற் குறிப்பேட்டில் விடுபட்டிருக்கும் இடங்களை ஊகித்து நிரப்பி, இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே அதன் புதிர். 2024-இல் சிறந்த அறிமுக ஆட்டத்திற்கான பாஃப்டா விருதும், சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் மேலான பரிசும் அதற்குக் கிடைத்தன. ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டமாயினும், மற்றவர்கள் அருகிலமர்ந்து யோசனை சொல்லலாம். நம் வீட்டுச் சமையலை அறிந்தவர்கள் சொல்லும் யோசனை அங்கே பெரிதும் பலிக்கும்.

வாசகர்களுக்கு

முதல் நாளிலேயே மூன்று நட்சத்திரங்களை எதிர்பாராதீர்கள். வெங்காய சூப்பில் தொடங்கி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஸ்தானங்களை மாற்றிக்கொள்ளுங்கள். நறுக்குபவர் பரிமாறட்டும், அடுப்பைப் பார்த்தவர் கழுவட்டும். எல்லா ஸ்தானங்களிலும் நின்று பார்த்தவருக்கே அடுத்தவருடைய சிரமம் புரியும். அந்தப் புரிதல் வந்த பிறகு கடினமான சமையலறைகளும் தாமே வசப்படும். இதில் நான் உங்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. முதல் ஆட்டத்தில் தட்டுக் கழுவும் வேலையை, உங்கள் வீட்டில் ஒருநாளும் பாத்திரம் கழுவாதவர் எவரோ அவரிடமே ஒப்படையுங்கள். கழுவிய தட்டு வந்து சேராவிட்டால் அடுப்படி முழுவதும் நின்றுபோகும் என்பதை அவர் அங்கே கண்கூடாகக் காண்பார். கண்டபின், டிவியை அணைத்துவிட்டு எழுந்து, தம் வீட்டு அடுப்படியிலும் அந்த வேலைக்குக் கை கொடுக்கட்டும்.